ரெண்டு நாள் கணக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஓட்டி வந்த பையனை அடையாளம் தெரியவில்லை. பின்னால் இருந்து இறங்கிய அவன் அம்மாவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என்னிடம் பத்தாவது வரைக்கும் கணக்குப் படித்த பெண்.

"சார், நல்லா இருக்கீங்களா? இவன் என்ற பையனுங்க. பாலிடெக்னிக் ரெண்டாவது வருசம். சி-ல ஏதோ சந்தேகமாமுங்க. உங்களத்தான் கேக்கோணும்னு கூட்டியாந்தேன்" என்றாள்.

பையன் கூச்சப்பட்டுக்கொண்டே நோட்டை நீட்டினான். "சார், தேதி பதினஞ்சுன்னா பதினஞ்சுன்னே குடுக்கறமுங்க. மாசத்துக்கு மட்டும் ஏனுங்க ஒண்ணு கொறைக்கோணும்? ஜனவரி எப்படிங்க பூஜ்யம் ஆகும்?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. அவன் அம்மாவைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். இந்தக் கேள்வியை நான் 2007-ல் கேட்டிருந்தால் அவளுக்குப் பதினைந்து ஷிப்ட் கூலி ஒரு மாதம் தள்ளிப் போயிருக்காது. இத்தனை வருஷமாக இதை நான் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. அன்றைக்கு அவளிடம் கேட்டேன், "எழுதட்டுமாம்மா?" என்று. "எழுதுங்க சார், பேரு மட்டும் வேண்டாமுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்தவர்களுக்கு எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டர் எனக்கு நாற்பது வயதுக்கு மேல் வந்த பைத்தியம். திருப்பூரில் ஒரு சென்டரில் சாயங்காலம் போய் சி கற்றுக்கொண்டேன். பிறகு ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வீட்டில் வைத்து, ஆசைப்பட்ட பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்தேன். பீஸ் கிடையாது. மதியம் வீட்டில் அம்மா போடும் தக்காளி சாதம் உண்டு.

அப்போது என் மச்சினன் முதலிபாளையம் சிட்கோ பக்கத்தில் ஜாப் ஒர்க் பனியன் கம்பெனி வைத்திருந்தான். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து ஒரு நாற்பது பேர் வேலை செய்தார்கள். வெளியூர்ச் சொந்தங்களுக்காகச் சொல்கிறேன், இங்கே கூலி ஷிப்ட் கணக்கு. காலை எட்டரைக்கு வந்து சாயங்காலம் ஐந்தரைக்குப் போனால் ஒரு ஷிப்ட். எட்டரை வரைக்கும் இருந்தால் ஒன்றரை. ஷிப்மெண்ட் அவசரம் என்றால் நடுராத்திரி தாண்டி ஒரு மணி வரைக்கும் ஓடும், அது ரெண்டு ஷிப்ட். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம்.

மச்சினன் கணக்குப் போட்டு முழி பிதுங்கி, "மாமா, நீங்கதான் கம்ப்யூட்டர் படிக்கறீங்களே, ஒரு புரோகிராம் எழுதிக் குடுங்க" என்றான். டர்போ சி-யில் எழுதிக் கொடுத்தேன். அதில் தேதி எடுக்க டாஸ் டாட் ஹெச் என்று ஒன்று இருந்தது. கெட்டேட் என்று கூப்பிட்டால் இன்றைய தேதி வரும். ஜனவரி என்றால் 1, டிசம்பர் என்றால் 12, வருஷம் 2006 என்றால் 2006. நாம் எழுதுகிற மாதிரியே இருக்கும். ரெண்டு தேதிக்கு நடுவில் எத்தனை நாள் என்பதை மட்டும் நானே ஒரு பங்ஷன் எழுதி எண்ணிக்கொண்டேன். ரெண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. 240 நாள் தாண்டிய ஆட்கள் நின்றுகொள்கிறேன் என்று சொன்னால், கணக்கு முடிக்கும்போது பதினைந்து ஷிப்ட் கூலி சேர்த்துக் கொடுப்பான். 240 என்பது தொழிலாளர் சட்டத்தில் வருகிற எண். சட்டத்தில் அது வேலை செய்த நாள். மச்சினன் அதைச் சேர்ந்த தேதியிலிருந்து நின்ற தேதி வரைக்கும் காலண்டர் நாளாக எடுத்துக்கொண்டான். ஆட்களுக்கு அது லாபம்தான்.

2006 கடைசியில் ஒரு பழைய மாணவன் ஊருக்கு வந்தபோது என் கம்ப்யூட்டரிலும் கம்பெனிக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். லினக்ஸில் டாஸ் டாட் ஹெச் கிடையாது. எல்லா இடத்திலும் செல்லுபடியாகிற டைம் டாட் ஹெச் தான். சரி, இதுவும் நல்லதுக்குத்தான் என்று தேதிப் பகுதியைப் புதிதாக எழுதினேன்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சி-யில் நேரம் ரெண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று, ஒரே ஒரு எண். யூனிக்ஸ், லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அது 1970 ஜனவரி 1, கிரீன்விச் நடுராத்திரியிலிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்ற எண். அந்த வினாடி தொடங்கியபோது நம் ஊரில் விடிகாலை ஐந்தரை மணி. பால்காரர் மாடு கறந்து முடித்திருப்பார். கம்ப்யூட்டருக்கு இந்த எண் போதும். ரெண்டு எண்ணைக் கழித்தால் இடைவெளி வந்துவிடும்.

இன்னொன்று, மனுஷனுக்கான உருவம். நாள், மாதம், வருஷம், மணி, நிமிஷம், வினாடி என்று தனித்தனி அறைகள் போட்ட ஒரு ஸ்ட்ரக்சர். அஞ்சறைப் பெட்டி மாதிரி. எண்ணை எடுத்து இந்தப் பெட்டியில் நிரப்புவது லோக்கல்டைம். பெட்டியில் இருப்பதைச் சேர்த்து மறுபடியும் எண்ணாக்குவது எம்கேடைம். பெட்டியில் இருப்பதை நாம் படிக்கிற மாதிரி எழுதிக் காட்டுவது ஸ்டர்-எஃப்-டைம்.

பெட்டியில்தான் வில்லங்கம். நாள் அறையில் 1 முதல் 31. மாத அறையில் 0 முதல் 11. வருஷ அறையில் 1900-ஐக் கழித்து மீதி, அதாவது 2006 என்றால் 106. கிழமை அறையில் ஞாயிறு 0. ஏன் இப்படி என்றால், மாதப் பெயர்களை ஒரு வரிசைப் பட்டியலில் வைத்திருப்பார்கள். சி-யில் பட்டியலின் முதல் அறை எண் 0. மாத எண்ணை அப்படியே கொண்டுபோய்ப் பட்டியலில் வைத்தால் பெயர் வந்துவிடும். கிழமைக்கும் அதே வசதி. நாளுக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை, அதனால் அது 1-ல் தொடங்குகிறது. எழுதியவர்களுக்கு வசதி, நமக்குத்தான் இடறல். வருஷத்துக்கு 1900 கூட்டாமல், முன்னால் "19" என்று மட்டும் ஒட்டி வைத்தவர்களுக்கு 2000 ஜனவரியில் 19100 என்று வந்து உலகமே சிரித்தது.

புத்தகத்தில் இதெல்லாம் போட்டிருந்தது. வருஷத்துக்கு 1900 கழிக்க வேண்டும் என்பதை நான் கவனமாகச் செய்தேன். மாதத்துக்கு ஒன்று கழிக்க மறந்தேன். ரெண்டு வருஷம் கெட்டேட் போட்டுப் பழகிய கை.

சோதித்துப் பார்க்காமல் கொடுக்கவில்லை. 2006 ஜனவரி 1 முதல் 2007 ஜனவரி 1 வரை போட்டேன். 365 வந்தது. ஜனவரி 1 முதல் ஜனவரி 31 வரை போட்டேன். 30 வந்தது. சரி என்று முதுகில் நானே தட்டிக்கொண்டு கம்பெனியில் போட்டுவிட்டேன்.

2007 பிப்ரவரி 1, வியாழக்கிழமை, அந்தப் பெண் வேலையை விட்டு நின்றாள். வெள்ளகோவில் பக்கம் ஊரில் அவள் அம்மா கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து கிடந்தார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. சனிக்கிழமை கணக்கு முடித்தார்கள். புரோகிராம் 239 நாள் என்று காட்டியது. 240 ஆகவில்லை, பதினைந்து ஷிப்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் மேற்கொண்டு எதுவும் பேசாமல் வந்துவிட்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சார், நீங்க எழுதுன கம்ப்யூட்டருன்னு சொன்னாங்க. எனக்கு 241 வருதுங்க. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி முட்டியில எண்ணிப் பார்த்தனுங்க."

கை முட்டியில் மாதம் எண்ணுவது உங்கள் எல்லோருக்கும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். மேடு 31, பள்ளம் 30, பிப்ரவரி மட்டும் விதிவிலக்கு. அவள் என் முன்னாலேயே கையை மடக்கி எண்ணிக் காட்டினாள். "ஜூன் அஞ்சாந்தேதி திங்கக்கெழம சேர்ந்தனுங்க. பள்ளிக்கூடம் தொறந்த சமயமுங்க, நல்லா ஞாபகம் இருக்குது. ஜூன்ல மிச்சம் இருவத்தஞ்சு, ஜூலை முப்பத்தொண்ணு…"

எனக்கு எதிரில் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். போர்டில் பாதிக் கணக்கு நின்றுகொண்டிருந்தது. அவள் எண்ணி முடிக்கும் வரைக்கும் நான் காத்திருக்கவில்லை.

"கம்ப்யூட்டர் தப்பா எண்ணாதும்மா. நீ எங்கியோ ஒரு மாசத்துக்கு ஒரு நாள் சேத்தி எண்ணியிருப்ப. முட்டியில எண்ணும்போது அது சகஜம்தான்" என்றேன்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். இருபத்தைந்து வருஷம் அப்படி நினைக்கத்தானே உங்களைப் பழக்கினேன்.

சரியாக நாலு வாரம் கழித்து, மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஸ்டர்-எஃப்-டைம் நடத்தினேன். சதவீதக் குறி போட்டு சின்ன டி என்றால் நாள், சின்ன எம் என்றால் மாதம், பெரிய ஒய் என்றால் நாலு இலக்க வருஷம், பெரிய ஏ என்றால் கிழமையின் முழுப்பெயர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கட்டும் என்று, "யாராவது பிறந்த தேதி சொல்லுங்க, என்ன கிழமைன்னு பாக்கலாம்" என்றேன். ஒருவன் 31-1-1990 என்றான். கம்பெனிக்கு எழுதிய அதே பங்ஷனை எடுத்துப் போட்டு ஓட்டினேன்.

திரையில் 03-03-1990 என்று வந்தது.

"சார், எம் பொறந்த நாளையே மாத்திப் போட்டீங்களே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போர்டுப் பக்கம் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஜனவரியை நான் 1 என்று கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு 1 என்றால் பிப்ரவரி. பிப்ரவரி 31. அப்படி ஒரு நாளே கிடையாது. ஆனால் எம்கேடைம் கோபித்துக்கொள்ளாது. பிப்ரவரிக்கு 28 நாள், மீதி 3, ஆகவே மார்ச் 3 என்று அதுவே திருத்தி வைத்துக்கொள்ளும். டிசம்பரை 12 என்று கொடுத்தால் அடுத்த வருஷ ஜனவரி என்று எடுத்துக்கொள்ளும். இது அதன் கோளாறு இல்லை, அதன் குணம். நல்ல குணமும்கூட. பில் தேதியிலிருந்து 90 நாள் கடன் என்றால், நாள் அறையில் 90-ஐக் கூட்டி எம்கேடைமிடம் கொடுத்தால் போதும், சரியான தேதியைச் சொல்லிவிடும். ஆனால் நாம் தப்பாகக் கொடுத்தாலும் அதே மரியாதையோடு வாங்கிக்கொள்ளும். தப்பு என்று வாயைத் திறக்காது.

வகுப்பைப் பாதியில் முடித்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அவள் சேர்ந்தது 2006 ஜூன் 5. புரோகிராம் அதை ஜூலை 5 என்று எடுத்துக்கொண்டது. ஜூனுக்கு 30 நாள், ஆக 30 நாள் தள்ளிப் போயிற்று. அவள் நின்றது 2007 பிப்ரவரி 1. அதை மார்ச் 1 என்று எடுத்துக்கொண்டது. பிப்ரவரிக்கு 28 நாள், ஆக 28 நாள்தான் தள்ளிப் போயிற்று. ஆரம்பம் 30 நாள் நகர, முடிவு 28 நாள் நகர, நடுவில் ரெண்டு நாள் காணாமல் போயிற்று. 241 என்பது 239 ஆயிற்று.

என் சோதனையில் ஏன் தெரியவில்லை? நான் ஜனவரிக்கும் ஜனவரிக்கும்தான் போட்டுப் பார்த்தேன். ரெண்டு முனையும் ஒரே அளவு நகர்ந்தால் இடைவெளி மாறாது. 31 நாள் மாதத்துக்கும் 31 நாள் மாதத்துக்கும் நடுவில் எண்ணினாலும் தப்புத் தெரியாது. மாதங்களின் நாள் எண்ணிக்கை வேறுபடும்போதுதான் அந்த ஒரு நாளோ, ரெண்டு நாளோ, மூன்று நாளோ தலைகாட்டும். அதுவும் 240-க்குப் பக்கத்தில் நிற்கிற ஆளைத்தான் அது அடிக்கும். முந்நூறு நாள் ஆனவருக்கு ரெண்டு நாள் குறைந்தால் யாருக்கும் தெரியாது. சீட்டில் சேர்ந்த தேதி சரியாகத்தான் அச்சாகியிருந்தது, ஏனென்றால் கிளார்க் தட்டியதையே திருப்பி அச்சடித்தேன். எம்கேடைம் புரிந்துகொண்ட தேதியை நான் ஒரு தடவையும் அச்சடித்துப் பார்க்கவில்லை.

கடைசியாக முட்டியிலும் எண்ணிப் பார்த்தேன். ஜூனில் 25, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31, பிப்ரவரியில் 1. கூட்டினால் 241. அவள் ஒரு நாள்கூடத் தப்பாக எண்ணவில்லை.

அன்று சாயங்காலமே மச்சினன் வீட்டுக்குப் போனேன். புதுப் புரோகிராம் போட்ட பிறகு கணக்கு முடித்த எல்லோருடைய சீட்டையும் எடுக்கச் சொல்லிக் கையால் எண்ணினோம். மாட்டியது இவள் ஒருத்திதான். டிசம்பரில் நின்ற ஒருவருக்கு ஒரு நாள் கூடவே காட்டியிருந்தது, அதனால் எதுவும் மாறவில்லை. மச்சினன் பீரோவைத் திறந்து பதினைந்து ஷிப்ட் கூலியை எண்ணி என் கையில் கொடுத்தான். "ஆளை அனுப்பிக் குடுத்தறலாம் மாமா, நீங்க எதுக்கு அலையறீங்க?" என்றான். நான்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காங்கயம் ரோட்டில் பஸ் ஏறி வெள்ளகோவில் போய், அங்கிருந்து டவுன் பஸ் மாறி அவள் ஊரைத் தேடிப் பிடித்தேன். ஓட்டு வீடு. உள்ளே கட்டிலில் அம்மா படுத்திருந்தார். அவள் என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "வாங்க சார், வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பணத்தைக் கொடுத்து, "நீ எண்ணுனதுதாம்மா சரி. நான் எழுதுனதுதான் தப்பு. அன்னைக்கு நீ சொன்னதக் காது குடுத்துக் கேக்காம அனுப்பிட்டேன். மனசுல வெச்சுக்காத" என்றேன்.

அவள் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "பணம் போச்சேன்னு கூட இல்லீங்க சார். நாந்தான் தப்பா எண்ணிட்டனாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க. வெளிய நாலு பேர்த்துகிட்ட, கணக்குல எம்பதுக்கு மேல வாங்குவேன்னு பெருமையாச் சொல்லீட்டுத் திரிவேன். அன்னையிலிருந்து சொல்றதில்லீங்க. அம்மாவுக்கு மாத்திரை கணக்குக் கூட ரெண்டு தடவ எண்ணறேன்."

எனக்கு அந்த மோர் தொண்டையில் இறங்கவில்லை.

கூலி ஐந்து வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. ஆனால் ஒரு பிள்ளைக்குத் தன் கணக்கின் மேல் இருந்த நம்பிக்கையை, அதைக் கொடுத்த வாத்தியாரே ஒரு நிமிஷ அவசரத்தில் பிடுங்கிவிட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதை நினைத்துக்கொண்டே வந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொடக்கப் பள்ளியில் இருந்தேன். ஜூன் மாதம் பிள்ளைகளைச் சேர்க்க அம்மாக்கள் வருவார்கள். பிறந்த தேதி என்ன என்று கேட்டால், "ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு மறுநாளுங்க", "மாரியாத்தா கோயில் பூச்சாட்டுனன்னைக்குங்க" என்பார்கள். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு இங்கிலீஷ் தேதி எழுதுவேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களில் சிலர் வாய்க்கு வந்த தேதியை எழுதிவிடுவார்கள். அந்தத் தேதிதான் அந்தப் பிள்ளையின் வேலைக்கும் ஓய்வுக்கும் பென்ஷனுக்கும் கடைசி வரை கூட வரும். அந்த அம்மாக்களும் "சரிங்க சார்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு தேதியை எழுதுகிற கைக்கு எவ்வளவு அதிகாரம் என்பது எனக்கு வெள்ளகோவில் பஸ்ஸில்தான் உறைத்தது.

சரி, பையனின் கேள்விக்கு வருகிறேன். அவனுக்குச் சொன்னதையே சி எழுதுகிற மற்ற பிள்ளைகளுக்கும் இங்கே சொல்கிறேன்.

மாதத்தில் ஒன்று, வருஷத்தில் 1900. உள்ளே போகும்போது கழி, வெளியே வரும்போது கூட்டு. ஸ்டர்-எஃப்-டைம் வைத்து எழுதினால் வெளியே வரும்போது அதுவே கூட்டிக்கொள்ளும்.

பெட்டியை நிரப்புவதற்கு முன் எல்லா அறையையும் பூஜ்யமாக்கு. இல்லாவிட்டால் மணி, நிமிஷ அறைகளில் பழைய குப்பை கிடக்கும். கோடை நேரத்துக்கான அறையில் -1 வை, கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். நமக்கு இங்கே கோடை நேரம் கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும், வருஷத்தில் ஒரு நாளுக்கு 23 மணி நேரம், இன்னொரு நாளுக்கு 25. அங்கே வினாடியை 86,400-ஆல் வகுத்து நாள் எண்ணினால் மாட்டிக்கொள்வாய்.

எம்கேடைம் கூப்பிட்ட பிறகு, பெட்டியில் இருக்கும் தேதியும் நீ கொடுத்த தேதியும் ஒன்றா என்று பார். மாறியிருந்தால், கொடுத்த தேதி இல்லாத தேதி. இந்த ஒரு வரியை அன்று எழுதி, திருத்திய தேதியை அச்சடித்தும் பார்த்திருந்தால் நான் வெள்ளகோவில் போயிருக்க வேண்டாம்.

ஸ்டர்-எஃப்-டைமுக்கு எழுதும் இடத்தின் அளவைச் சரியாகச் சொல். இடம் போதாவிட்டால் அது 0 என்று திருப்பித் தரும், அப்போது அந்த இடத்தில் இருப்பதை நம்பாதே. வெளிநாட்டுக்குப் போகிற காகிதத்தில் மாதத்தை எண்ணில் போடாதே, சின்ன பி போட்டு எழுத்தில் போடு. 04/05 என்றால் நமக்கு மே 4, அமெரிக்கக்காரருக்கு ஏப்ரல் 5. ஷிப்மெண்ட் தேதியில் ஒரு மாதம் தப்பினால் என்ன ஆகும் என்று திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோப்பில் சேமிக்கும்போது வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் போடு. அகர வரிசையில் அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும்.

பையன் கேட்டான், "எல்லாரும் ஒரே மாதிரி எண்ணியிருந்தா இந்தத் தொந்தரவே இல்லீங்களே சார்?"

எப்போது ஒரே மாதிரி எண்ணினோம் என்றேன். நம் தாத்தாக்களுக்கு நாள் சூரிய உதயத்தில் தொடங்கியது. ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிஷம். வருஷம் சித்திரையில் தொடங்கும், பெயர் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின, அது கிரீன்விச்சுக்கு சுமார் 5 மணி 21 நிமிஷம் முன்னால். 1906 ஜனவரி 1 முதல்தான் இந்தியாவுக்கு ஐந்தரை மணி என்று ஆயிற்று. கிரீன்விச்காரனுக்கு நடுராத்திரி, கம்ப்யூட்டருக்கு 1970. எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டு எண்ண வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

இன்னொன்றும் சொன்னேன். அந்த வினாடி எண்ணை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டர்களில், 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 வினாடிக்கு இடம் நிரம்பிவிடும். அடுத்த வினாடி எண் கவிழ்ந்து 1901-க்குப் போய்விடும். 64 பிட்டுக்கு மாறியவற்றுக்குப் பயமில்லை. மாறாமல் எங்கோ மூலையில் ஓடிக்கொண்டிருப்பவற்றைத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். "அன்னைக்கு நான் இருப்பனோ என்னவோ. நீ முப்பது வயசு ஆளா வேலையில இருப்ப. பாத்துக்க" என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டான்.

கிளம்பும்போது அவன் அம்மா கேட்டாள், "இவனுக்குக் கணக்கு வருமாங்க சார்?"

"உனக்கு வந்துதில்ல, அவனுக்கு வராமப் போயிருமா?" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கூட்டியில் ஏறும்போது பையன், "அம்மா, ஜூன் 5-ல இருந்து பிப்ரவரி 1 எத்தன நாளு?" என்று வம்புக்குக் கேட்டான். நான் சொன்ன கதையைச் சோதிக்கிறானாம். அவள் இடது கையை மடக்கி, வலது விரலால் முட்டியைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நான் இந்தத் தடவை கடைசி வரைக்கும் காத்திருந்தேன்.

"இருநூத்தி நாப்பத்தொண்ணு" என்றாள். ஒரே தடவைதான் எண்ணினாள்.

பிள்ளைகளே, உங்களில் பலர் இன்று பெரிய பெரிய கம்பெனிகளில், கோடிக்கணக்கான பேருக்குக் கணக்குப் போடும் புரோகிராம்களை எழுதுகிறீர்கள். யாராவது ஒரு சாமானியர் வந்து, "எனக்கு வேற மாதிரி வருதுங்களே" என்று சொன்னால், தயவுசெய்து அவர் எண்ணி முடிக்கும் வரைக்கும் கேளுங்கள். உங்கள் வாத்தியார் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

வகுப்பில் உங்களில் யாராவது சரியான விடை சொல்லி, நான் அவசரத்தில் "உக்காரு" என்று சொல்லியிருந்தால், கீழே எழுதுங்கள். இப்போது கேட்க எனக்கு நிறைய நேரம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
முதலிபாளையம்.